நபர் ஒன்றுக்கு ஐந்து சொம்பு

மானுட குலத்தின் நீர் நிர்வாக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய ஓர் ஆணை, 2006 ஏப்ரல் முதல் தேதி காலை ஆறரை மணிக்கு, கடலூர் புதுப்பாளையத்தில் ஒரு குளியலறைக் கதவில் சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டது.

பொருள்: இல்லம் – குடிநீர் – சிக்கனம் கடைப்பிடித்தல் – ஆணை வெளியிடப்படுகிறது.
பார்வை: நகராட்சியின் குடிநீர்க் கட்டணக் கேட்பு, நாள் 14.3.2006.

பார்வையில் கண்ட கேட்பின்படி இவ்வில்லத்தின் தண்ணீர்ச் செலவு அளவுக்கு மீறியுள்ளது தெரிய வருவதால், இன்று முதல் நபர் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்குக் குளியலுக்கு ஐந்து சொம்பு குழாய்த் தண்ணீர் மட்டும் அனுமதிக்கப்படும். மீறுவோர்மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும். ஒப்பம், இரா. தட்சிணாமூர்த்தி. நகல்: 1. மனைவி, 2. மகள், 3. இருப்புக் கோப்பு.

மனைவி சௌந்தரம் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, ‘தக்க நடவடிக்கை’ என்றால் என்ன என்று கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்கவில்லை. இருபது வருஷமாக ஒரு கண்காணிப்பாளரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குக் கேள்வி கேட்டால் பதில் வராது, குறிப்பாணைதான் வரும் என்று தெரியும்.

தட்சிணாமூர்த்தி ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடியில்லை, சீட்டாட்டமில்லை, கை நீட்டியதில்லை. வீட்டையும் ஒரு பிரிவு அலுவலகமாகப் பாவித்தார், அவ்வளவுதான். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால்கூட அதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல மாட்டார். சாயங்காலம் காபி குடித்த பிறகு, “மதியக் குழம்பு சம்பந்தமா ஒண்ணு பேசணும்” என்று ஆரம்பிப்பார்.

அந்த வீட்டை 2005 கடைசியில் பழனிவேல் என்பவரிடமிருந்து வாங்கினார்கள். பழனிவேல் பெண்ணாடத்துச் சர்க்கரை ஆலைப் பக்கம் பிழைப்பு மாற்றிக்கொண்டு போனவர். கொல்லையில் அடிபம்பு இருந்தது. கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் பம்பில் வந்தது தண்ணீர் பாதி, உப்பு பாதி. பாத்திரம் துலக்கலாம், துணி அலசலாம். தலையில் ஊற்றிக்கொண்டால் முடி தேங்காய் நார் போல விறைத்து நிற்கும். நல்ல தண்ணீர் என்பது காலையில் ஒரு மணி நேரம் வரும் நகராட்சிக் குழாய்தான். அதைப் பிடித்து இரண்டு டிரம்மில் நிரப்பி வைப்பது சௌந்தரத்தின் வேலை. டிரம்மின் பக்கவாட்டில் கரிக்கட்டியால் கோடு போட்டிருந்தாள். எந்த நேரத்தில் எந்தக் கோட்டில் தண்ணீர் நிற்கிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அப்படியிருக்க, புது வீட்டுக்கு வந்த முதல் தண்ணீர் பில், அரையாண்டுக்கு, ஆயிரத்து இருநூறு ரூபாய். மூன்று பேர் குடிப்பதற்கா, மூன்று யானை குளிப்பதற்கா என்று தட்சிணாமூர்த்தி ஒரு நாள் முழுக்கக் கூடத்தில் நடந்தார். நடையின் விளைவுதான் மேற்படி ஆணை.

ஆணை அமலுக்கு வந்தது. அரிசி களைந்த தண்ணீர் பாத்திரத்துக்கு, பாத்திரத் தண்ணீர் வாழைக்கு என்பதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இங்கே விருந்தாளிக்குக் கொடுக்கும் தம்ளரில் பாதிதான் ஊற்ற வேண்டும், கேட்டால் மறுபடி பாதி. கை கழுவும்போது குழாயை விரல் தடிமனுக்கு மேல் திறக்கக் கூடாது. யாருடைய விரல் என்று மகள் வினோதினி கேட்டாள். அப்போது அவள் பிளஸ் டூ. சுண்டு விரல் என்று திருத்த ஆணை வந்தது.

செப்டம்பரில் அடுத்த பில் வந்தது. அறுநூறு ரூபாய். சரிபாதி.

தட்சிணாமூர்த்தியின் வாழ்க்கையில் அதுவரை எதுவும் சரிபாதியாகக் குறைந்ததில்லை. பில்லை எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனார். மொத்தத் தொகையின் அடியில் கட்டை விரலை வைத்துக் காட்டினார். அவர் பார்த்ததும் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும்தான். அது அலுவலகப் பழக்கம். மேலே உள்ள கட்டங்களெல்லாம் எழுத்தருக்கு, கடைசிக் கட்டமும் கையெழுத்தும் கண்காணிப்பாளருக்கு. முப்பது வருஷ சர்வீஸில் மேல் கட்டத்தைப் பார்த்த கண்காணிப்பாளர் பதவி உயர்வு வாங்கியதாகச் சரித்திரமில்லை.

குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் கண்ணாயிரம், சால்வை போர்த்த ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தவர். அந்த வருஷ ஆண்டு விழாவில் தட்சிணாமூர்த்திக்குப் பொன்னாடை போர்த்தி ‘நீர்க்காவலர்’ என்று பட்டம் கொடுத்தார். நீர்க்காவலர் நாற்பது நிமிஷம் பேசினார். கூட்டத்தில் தாகமெடுத்தவர்களுக்குப் பாதி தம்ளர் தண்ணீர் வழங்கப்பட்டது.

அதற்கப்புறம்தான் கஷ்டகாலம். பட்டம் வாங்கியவர் அடுத்த பில்லுக்கு நானூற்றைம்பது என்று இலக்கு வைத்தார். வந்தது அறுநூறு. ஐந்து சொம்பு நான்கானது. அடுத்ததும் அறுநூறு. நான்கு மூன்றானது. அதற்கடுத்ததும் அறுநூறு. இவ்வளவு சிக்கனத்துக்கும் பில் குறையவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று அவர் முடிவுக்கு வந்தார். வீட்டில் யாரோ தண்ணீர் திருடுகிறார்கள்.

யாரோ என்றால் யார்? இருப்பது மூன்று பேர். ஒருவர் நீர்க்காவலர். இன்னொருத்தி டிரம்முக்குக் கோடு போட்டவள். மிச்சமிருந்தது வினோதினி, அவளுடைய முடி. இடுப்புக்குக் கீழே இறங்கிய முடி. மூன்று சொம்பில் அந்த முடியை நனைக்கத்தான் முடியும், அலச முடியாது. உப்புத் தண்ணீரில் அலசிவிட்டுக் கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போவாள். நீர்க்காவலருக்கு அந்த முடி ஓர் ஆதாரமாகத் தெரிந்தது.

2008 செப்டம்பரில் மகளுக்கு அவர் ‘பதினேழு பி’ கொடுத்தார். அரசு ஊழியர் வீட்டில் எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். கடும் தண்டனைக்குரிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ‘அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் குழாய்த் தண்ணீர் பயன்படுத்தியமைக்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.’ வினோதினி முதலில் சிரித்தாள். நான் எடுக்கவில்லை என்று வாயால் சொன்னாள். எழுத்தில் கேட்டார். அதையும் எழுதிக் கொடுத்தாள். விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை என்று திரும்பி வந்தது.

அதற்குள் வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது. அவர் மூன்று நாளாக ஓட்டலில் சாப்பிட்டார். திருட்டு நடக்கும் வீட்டில் சாப்பிட மாட்டாராம். நான்காம் நாள் காலை சௌந்தரம் மகளைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

“எடுத்தேன்னு எழுதிக் குடுத்துடுடி. முடிஞ்சி போவும்.”

“நான் எடுக்கலயேம்மா.”

சௌந்தரம் அறைந்தாள். பெற்றதிலிருந்து அதுதான் முதல் அடி. வினோதினி கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து, ‘நான் தண்ணீர் திருடியது உண்மை, இனிமேல் திருட மாட்டேன்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அது அவருடைய தண்ணீர்க் கோப்பில் முப்பத்தொன்றாம் பக்கமாகச் சேர்ந்தது. தட்சிணாமூர்த்தி அன்று மதியம் வீட்டில் சாப்பிட்டார்.

மறுநாள் வினோதினி பியூட்டி பார்லருக்குப் போய் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். “இனிமே ரெண்டு சொம்பு போதும்பா” என்றாள். அவர் நெகிழ்ந்துபோனார். அந்த வருஷ ஆண்டு விழாவில், நாட்டின் நீர்வளத்துக்காகத் தன் கூந்தலையே துறந்த மகள் என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். சௌந்தரம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் தட்டினார்களே என்று அவளும் தட்டினாள்.

2009-இல் வினோதினிக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. செந்தமிழ்ச்செல்வன், ரயிலடிப் பக்கம் மருந்துக் கடை வைத்திருப்பவர், தங்கமான பையன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தாய்வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. பத்து மணிக்கு வருவாள், நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். தலை தீபாவளிக்குப் பெண்ணின் தாய்வீட்டில் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகுவதுதான் ஊர் உலகத்து வழக்கம். இவர்களோ இரண்டு பேரும் சிதம்பரத்திலேயே தலைமுழுகிவிட்டு, ஈரம் காய்ந்த தலையோடு பஸ் ஏறி வந்தார்கள். சௌந்தரம் காய்ச்சி வைத்த எண்ணெய் கிண்ணத்திலேயே ஆறியது. இந்த மாதிரி சொல்லாமலே புரிந்துகொள்ளும் மாப்பிள்ளை கிடைப்பது அரிது என்று தட்சிணாமூர்த்தி மெச்சிக்கொண்டார்.

2010-இல் வினோதினி உண்டானாள். ஆவணியில் ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும், தலைப்பிரசவம் அங்கேதான். சௌந்தரத்துக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்தாள். பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்துத் துணி மடித்து வைத்தாள். கணவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டு ஒரு சலுகையும் வாங்கினாள். கர்ப்பிணிக்குக் கூடுதலாக இரண்டு சொம்பு சிறப்பு ஒதுக்கீடு, குழந்தை பிறந்த பின் தேவை மறுபரிசீலனை செய்யப்படும்.

இதைப் போனில் சொன்னபோது வினோதினி, வளைகாப்புக்கு வா, வளையல் போடு, ஆனால் கூட்டிக்கொண்டு போக வராதே என்றாள். பிரசவம் சிதம்பரத்திலேயே நடக்கட்டும், மாமியாரிடம் சொல்லியாகிவிட்டது என்றாள். சௌந்தரம் அழுதாள், சம்பந்தியம்மாளிடம் பேசினாள், மாப்பிள்ளையிடம் பேசினாள். எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். யாரும் சரி என்று சொல்லவில்லை.

வளைகாப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது, தண்ணீர் பில் கட்டக் கடைசி நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்துச் சிதம்பரத்தில் ஒரு சங்க விழாவில் நீர்க்காவலருக்குச் சிறப்புரை இருந்தது. அதனால் வரலாற்றில் முதல்முறையாகப் பணம் கட்டும் பொறுப்பு சௌந்தரத்திடம் ஒப்படைக்கப்பட்டது. முழுக் கோப்பையும் எடுத்துப் போகச் சொன்னார். ஏதாவது சந்தேகம் கேட்டால் பக்க எண் சொல்லிக் காட்ட வேண்டுமாம்.

நகராட்சிக் கவுண்டரில் எழிலரசி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். வினோதினி வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்து அறுநூறு என்றாள்.

“ஏம்மா, இந்தத் தடவையும் கொறையலையா?” என்றாள் சௌந்தரம்.

“எதுங்கம்மா கொறையணும்?”

“தண்ணி பில்லு. நாங்க மூணு சொம்புலதாம்மா குளிக்கிறோம்.”

எழிலரசி நிமிர்ந்து பார்த்தாள். கிண்டலா, மனசு சரியில்லாதவளா என்று ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். பிறகு மெதுவாகவே சொன்னாள்.

“நீங்க மூணு சொம்புல குளிச்சாலும் மூணு லாரித் தண்ணியில குளிச்சாலும் அறுநூறுதாம்மா. வீட்டு கனெக்‌ஷனுக்கு மாசம் நூறு. தண்ணிய அளக்கறதுக்கு உங்க வீட்ல மீட்டரே இல்லியே.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சௌந்தரம் விடவில்லை. அவளிடம்தான் கோப்பு இருக்கிறதே. முதல் பில்லை எடுத்து வைத்து, அப்படியானால் ஆயிரத்து இருநூறு எப்படி அறுநூறாகக் குறைந்தது என்று கேட்டாள். எழிலரசி அந்தப் பழைய காகிதத்தைத் திருப்பி, மேலே ஒரு கட்டத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினாள்.

“நிலுவைன்னு போட்டிருக்கு பாருங்க. உங்களுக்கு முன்னாடி வீட்ல இருந்தவுங்க கட்டாம போனது அறுநூறு. உங்களோடது அறுநூறு. பழைய பாக்கி முடிஞ்சதும் கழிஞ்சிடுச்சி. வேற ஒண்ணுமில்ல.”

நிலுவை. அந்தச் சொல் தட்சிணாமூர்த்தி வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வரும். நிலுவைக் கோப்பு, நிலுவை மனு, நிலுவை அறிக்கை. சௌந்தரம் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டாவது தடவை கூட்டாமலே படித்தாள். பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போகவில்லை. நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சிதம்பரம் வண்டியில் ஏறினாள்.

பஸ்ஸில் அவளுக்கு ஏற்பட்டது துக்கம் என்று நினைத்தால் தப்பு. சந்தோஷம். ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவள் மனசுக்குள் டிரம் டிரம்மாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இனிமேல் மகள் தாய்வீட்டுக்கு வரலாம். வெந்நீர் வைத்து இரண்டு வேளையும் ஊற்றலாம், குழந்தையைக் காலில் போட்டுக் குடம் குடமாக ஊற்றலாம், யாரும் எண்ண முடியாது. புதுச்சத்திரம் வந்ததும் கோப்பைத் திறந்து முப்பத்தொன்றாம் பக்கத்தைக் கயிற்றிலிருந்து உருவி எடுத்தாள். மகள் கையாலேயே கிழித்துப் போடட்டும் என்று மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

வினோதினி அப்போதுதான் குளித்துவிட்டு முற்றத்தில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மோர் கொடுத்தாள், நிறைந்த தம்ளரில். சௌந்தரம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள், கவுண்டர், மீட்டர், பழனிவேல் வைத்துவிட்டுப் போன பாக்கி. சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

வினோதினி அதைப் பிரித்து, நின்றபடியே படித்தாள்.

“அப்ப எனக்கு எழுத்து நல்லா இருந்திருக்கு” என்றாள்.

“கிழிச்சிப் போட்டுடும்மா. அப்பா கிட்ட நான் சொல்லிக்கிறேன். இனிமே ஒரு கஷ்டமும் இல்ல. கூட்டிக்கினு போறேன், வந்துடு.”

“தண்ணிக்காவத்தான் நான் வரலைன்னு நெனச்சிக்கினு இருக்கியா?”

சௌந்தரம் மோர்த் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“அப்பாவுக்கு நெஜமாவே தெரியாது. அவுரு லூசு. ஒனக்குத் தெரியும். டிரம்முல கோடு போட்டு வச்சிருந்தியே, ஒரு சொம்பு கொறஞ்சிருந்தாகூட ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். கொறையல. நான் எடுக்கலன்னு அன்னிக்கே ஒனக்குத் தெரியும்மா.”

அவள் கத்தவில்லை. மருந்துக் கடைக்காரர் பெண்டாட்டி அல்லவா, எந்த மாத்திரையை எந்த வேளைக்கு என்று சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். காகிதத்தைக் கிழிக்கவுமில்லை. மறுபடி மடித்து அம்மாவிடமே கொடுத்தாள்.

தெரியும்தான். அந்த மூன்று நாளும் தண்ணீர் கோட்டிலேயேதான் நின்றது. சௌந்தரம் அதைப் பார்த்துவிட்டுத்தான் சமையலறைக்குள் போனாள். ஒரு மனிதர் ஓட்டலில் சாப்பிடுவதை நிறுத்த வேண்டும், அதற்கு யாராவது ஒருவர் திருடியாக வேண்டும், அவ்வளவுதான் அன்றைய கணக்கு. மோரைக் குடித்து முடித்தாள்.

ஐந்து மணி சுமாருக்குத் தட்சிணாமூர்த்தி புதுப் பொன்னாடையோடு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். விழாவில் இருநூறு பேர் என்றார். மனைவி அங்கே இருப்பதைப் பார்த்து, தலைமையிடத்தை விட்டு முன்அனுமதியின்றி வந்தது ஏன் என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார். சௌந்தரம் முதல் பில்லைக் கோப்போடு அவர் மடியில் வைத்தாள். நிலுவைக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். எழிலரசி சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சௌந்தரம் அந்த முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மகள் காலில்கூட விழலாம், ஒருவேளை மனசு மாறுவாள். வினோதினியும் வாசற்படியில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

தட்சிணாமூர்த்தி கோப்பின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசிவரை புரட்டினார். மறுபடி நடுவுக்கு வந்தார்.

“முப்பத்தொண்ணாம் பக்கம் எங்க?” என்றார்.

வினோதினி உள்ளே போய்விட்டாள்.

கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் பொன்னாடையை நான்காக மடித்து மடியில் வைத்து, அதன்மேல் காகிதம் வைத்து எழுத ஆரம்பித்தார். வண்டி குலுங்கியதில் எழுத்து கோணிக்கொண்டு போனாலும் விடவில்லை. நகராட்சி ஆணையருக்கு மனு. நான்கரை ஆண்டுகளாகத் தாம் சிக்கனமாகப் பயன்படுத்தியும் அதற்குரிய பயன் கட்டணத்தில் பிரதிபலிக்காமல் இருப்பது தெரிய வருவதால், தம் வீட்டுக் குழாய்க்கு உடனடியாக மீட்டர் பொருத்தித் தர வேண்டியது. எழுதி முடித்துவிட்டுத் தாமே ஒருமுறை படித்துப் பார்த்துத் திருப்தியடைந்தார். ‘பிரதிபலிக்காமல்’ சரிதானே என்று மனைவியிடம் கேட்டார். சௌந்தரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சரிதான் என்றாள்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஐந்து வகைச் சாதம் செய்து எடுத்துப்போனாள், இரண்டு கை நிறைய வளையல் போட்டாள். சாயங்காலம் தட்சிணாமூர்த்தியும் அவளும் இரண்டு டிக்கெட் எடுத்துத் திரும்பினார்கள்.

கார்த்திகையில் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அங்கே பார்வையாளர் நேரம் மாலை நாலிலிருந்து ஆறு வரை. சௌந்தரம் நாலரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு வெளியே வந்துவிட்டாள்.